மூடியைத் திறந்தால் ஆவி போகும்

2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் 2.6.27 பதிப்பு வெளிவரவிருந்த நேரம். அதன் சோதனைப் பதிப்புகளை முன்கூட்டியே தங்கள் கணினிகளில் போட்டுப் பார்த்த சிலருக்கு ஒரு விபரீதம் நேர்ந்தது. நெட்வொர்க் கார்டு செத்துப்போனது. கணினியை அணைத்துப் போட்டாலும் அதற்கு உயிர் வரவில்லை. பழைய கெர்னலுக்கே திரும்பினாலும் வரவில்லை. கார்டு தன் அடிப்படை விவரங்களை எழுதி வைத்திருக்கும் அழியா நினைவகமே குழம்பிக் கிடந்தது. மென்பொருளில் இருந்த ஒரு பிழை வன்பொருளைப் பாழாக்கியிருந்தது.

பாதிக்கப்பட்டவை எல்லாம் இன்டெல் நிறுவனத்தின் ஒரு வகைக் கார்டுகள். அவற்றை இயக்கும் டிரைவரின் பெயர் இ1000இ. அதனால் சந்தேகம் முழுவதும் அந்த டிரைவரின் மேல் விழுந்தது. வாரக்கணக்கில் தேடினார்கள். அக்டோபரில் உண்மை தெரிந்தபோது, குற்றம் டிரைவருடையதே அல்ல என்றானது. காரணம், எஃப்டிரேஸ் என்ற கருவி. கெர்னலுக்குள் எந்த வேலை எப்போது நடக்கிறது என்று பார்ப்பதற்காகவே சேர்க்கப்பட்ட கண்காணிப்புக் கருவி அது.

நடந்தது இதுதான். கெர்னலில் ஃபங்ஷன் எனப்படும் ஒவ்வொரு நிரல் துண்டும் தொடங்கும் இடத்தில், கண்காணிப்பாளரைக் கூப்பிடும் ஒரு சிறு கட்டளை வைக்கப்பட்டிருந்தது. யாரும் கவனிக்காதபோதும் அந்தக் கட்டளைக்கு நேரம் செலவாகும். அந்தச் செலவை ஒழிக்க எஃப்டிரேஸ் அந்த இடங்களின் முகவரிகளைக் குறித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகப் போய் ‘ஒன்றும் செய்யாதே’ என்ற கட்டளையை அங்கே எழுதிவைக்கும். ஆனால் குறித்ததற்கும் போய் எழுதியதற்கும் இடையில் சில முகவரிகள் காலி செய்யப்பட்டு, நெட்வொர்க் கார்டின் நினைவகத்துக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. எஃப்டிரேஸ் கவனமாகத்தான் நடந்துகொண்டது. எதிர்பார்த்த கட்டளை அங்கே இருக்கிறதா என்று ஒப்பிட்டு, இருந்தால் மட்டுமே மாற்றச் சொன்னது. ஆனால் ஒப்பிட்டு மாற்றும் அந்த பிராசசர் கட்டளை, ஒப்பீடு பொருந்தாவிட்டாலும் பழைய மதிப்பையே அதே இடத்தில் திரும்ப எழுதும் இயல்புடையது. சாதாரண நினைவகத்தில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை. கார்டின் நினைவகத்தில் அப்படித் திரும்ப எழுதியதே கார்டைக் கெடுத்தது.

பார்ப்பதால் வரும் சுமையைக் குறைக்க எடுத்த முயற்சி அது. அந்தச் சுமை அவ்வளவு பெரியதா? மென்பொருளைக் கண்காணிப்பதற்கு உண்மையில் என்ன விலை கொடுக்கிறோம்? மென்பொருள் எழுதுகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி இது. கேட்பவர்கள் குறைவு.

ஒரே அடுப்பு

கைபேசியில் பணம் அனுப்புகிறீர்கள். இரண்டு நொடியில் முடிந்துவிடுகிறது. அந்த இரண்டு நொடிக்குள் பல சர்வர்களில் பல மென்பொருள்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பேசியிருக்கும். எங்கே தாமதம், எங்கே தவறு என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கணக்கெழுதும் மென்பொருளை உட்கார வைக்கிறார்கள். எந்த வேலை எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எத்தனை முறை தவறியது என்று அது எழுதிக்கொண்டே இருக்கும். அப்ளிகேஷன் மானிட்டரிங் என்பது இதுதான்.

கணக்கெழுதுகிறவருக்குத் தனி வீடு கிடையாது. பெரும்பாலும் அவர் அதே கணினியில், அதே பிராசசரில், அதே நினைவகத்தில் குடியிருக்கிறார். கடிகாரத்தைப் பார்ப்பது, குறிப்பை எழுதுவது, எழுதியதை நெட்வொர்க் வழியாக அனுப்புவது எல்லாமே வாடிக்கையாளருக்கு வேலை செய்ய வேண்டிய அதே அடுப்பில்தான் வேகின்றன. இட்லி வெந்துவிட்டதா என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்தால் ஆவி போய்விடும். பத்து நிமிடத்தில் வேக வேண்டியது பதினைந்து நிமிடம் ஆகும். தாமதத்துக்குக் காரணம் மாவு அல்ல, அடுப்பும் அல்ல, திறந்து பார்த்ததுதான். இந்தக் கூடுதல் செலவை நிரலாளர்கள் ஓவர்ஹெட் என்பார்கள். நாம் மேல்சுமை என்று சொல்லலாம்.

இது கணினியின் பிள்ளைப் பருவத்திலேயே தெரிந்த சங்கதி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 மே மாதம் எட்சாக் என்ற கணினி இயங்கத் தொடங்கியது. அதன் நிரல்களில் பிழை தேட ஸ்டான்லி கில் ஒரு வழி கண்டு, 1951-இல் கட்டுரையாக வெளியிட்டார். நிரலை நேரடியாக ஓடவிடாமல், இன்னொரு சோதனை நிரல் அதன் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அந்தக் கட்டளையைக் குறிக்கும் எழுத்தைத் தாளில் அச்சிட்டு, பிறகு நிறைவேற்றும். பிழை எந்த அடியில் புகுந்தது என்பது தாளிலேயே தெரிந்துவிடும். விலை என்ன? எட்சாக் ஒரு சாதாரணக் கட்டளையை ஏறத்தாழ 1.5 மில்லிநொடியில் முடிக்கும். டெலிபிரின்டர் ஓர் எழுத்தை அச்சிட ஏறத்தாழ 150 மில்லிநொடி ஆகும். அதாவது நூறு மடங்கு. ஒரு நிமிடத்தில் முடிய வேண்டிய நிரலை முழுக்கக் கண்காணித்தால் ஒரு மணி நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

ஒரு குறிப்பின் விலை

இன்றைய நிலவரம் என்ன? கூகுள் நிறுவனம் 2010-இல் டாப்பர் என்ற தன் கண்காணிப்பு அமைப்பைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. மேல்சுமையை எண்களோடு வெளிப்படையாகச் சொன்னதால் இத்துறையினர் இன்றும் அதை எடுத்துப் படிக்கிறார்கள். பல சர்வர்களைக் கடந்து போகும் ஒரு கோரிக்கையின் பயணத்தை டாப்பர் துண்டு துண்டாகக் குறித்துவைக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்பான் என்று பெயர். பயணத்தின் முதல் ஸ்பானைத் தொடங்கி முடிக்க சராசரியாக 204 நானோநொடி. அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 176 நானோநொடி. ஸ்பானில் ஒரு சிறு குறிப்பைச் சேர்க்க 40 நானோநொடி.

நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. கணினி முன்னோடியும் அமெரிக்கக் கடற்படை அதிகாரியுமான கிரேஸ் ஹாப்பர் தன் உரைகளுக்கு வருகிறவர்களிடம் ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கொடுப்பார். ஒரு நானோநொடியில் ஒளி போகக்கூடிய தூரம் அதுதான். அந்தக் கம்பியால் அளந்தால், ஒரு ஸ்பானுக்கு ஆகும் நேரத்தில் ஒளி 60 மீட்டர் போயிருக்கும். ஒரு சிறு தெருவின் நீளம். இதையெல்லாம் ஒரு செலவாகக் கருத வேண்டுமா என்று தோன்றும்.

பெருக்கிப் பாருங்கள். 10 மில்லிநொடி எடுக்கும் ஒரு வேலையில் ஐந்து ஸ்பான்கள் வைத்தால் மொத்தச் செலவு ஏறத்தாழ ஒரு மைக்ரோநொடி. வேலையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கவலையே வேண்டாம். அதே வேலைக்குள் ஒரு சின்ன ஃபங்ஷன் ஒரு லட்சம் முறை சுற்றி ஓடுகிறது என்று வையுங்கள். எதையும் விடக்கூடாது என்ற ஆர்வத்தில் ஒரு நிரலாளர் அதற்கும் ஸ்பான் வைத்துவிடுகிறார். ஒரு லட்சத்தை 200 நானோநொடியால் பெருக்கினால் 20 மில்லிநொடி. பத்தில் முடிய வேண்டிய வேலை முப்பதில் முடிகிறது. கருவி அதேதான். வைத்த இடம்தான் வேறு.

கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் உண்டு. ஜாவா மொழியை எடுத்துக்கொள்வோம். அதை இயக்கும் ஹாட்ஸ்பாட், ஓடிக்கொண்டிருக்கும் நிரலைக் கவனித்து, சிறிய ஃபங்ஷன்களை அவற்றைக் கூப்பிடும் இடத்திலேயே விரித்து எழுதிவிடும். கூப்பிட்டுத் திரும்பும் செலவு மிச்சம். அதற்கு மேலும் பல சுருக்கு வழிகள் அதனால் திறக்கும். ஆனால் எல்லை ஒன்று உண்டு. வழக்கமான அமைப்பில், சிறிய ஃபங்ஷன் என்றால் 35 பைட்டுக்குள் இருக்க வேண்டும். மிக அடிக்கடி ஓடுவதாக இருந்தால் 325 பைட் வரை சலுகை. ஏஜென்ட் எனப்படும் அந்தக் கணக்கெழுதும் மென்பொருள், ஃபங்ஷனின் தலையிலும் காலிலும் தன் கட்டளைகளைச் செருகுகிறது. முப்பது பைட்டில் இருந்தது நாற்பதைத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகையே பறிபோகலாம். செருகிய கட்டளைகள் தின்னும் நேரம் சொற்பம். அவை வந்ததால் கைவிட்டுப்போன வேகம் அதைவிடப் பெரியது. ஏஜென்டின் ரசீதில் இந்தச் செலவு வரவே வராது.

நினைவகத்துக்கும் இதே கதிதான். ஓர் எண்ணிக்கையை ஒரே நேரத்தில் மூன்று அடிப்படைகளில் பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறோம். ஒவ்வோர் அடிப்படையிலும் நூறு மதிப்புகள் இருந்தால், வைத்திருக்க வேண்டிய தனித்தனி எண்ணிக்கைகள் பத்து லட்சம் வரை போகும்.

கவுன்டர் வரிசை

‘எங்கள் கருவியின் மேல்சுமை ஐந்து சதவீதம்தான்’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ஐந்து சதவீதம் என்றால் வாடிக்கையாளருக்கு ஐந்து சதவீதத் தாமதம் என்று நினைத்துக்கொள்கிறோம். அங்கேதான் பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது.

ரயில் நிலையத்தில் ஒரே ஒரு டிக்கெட் கவுன்டர். ஓர் ஆளுக்கு டிக்கெட் கொடுக்கச் சராசரியாக 60 நொடி. இப்போது ஒவ்வொருவரும் எந்த ஊருக்குப் போகிறார் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்கிறார்கள். அதற்கு 3 நொடி. சரியாக ஐந்து சதவீதம். ஆட்கள் முன்பின்னாக வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரமும் கூடக் குறைய இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைபேசி இணைப்பகங்களுக்காக டென்மார்க்கின் எர்லாங் 1909-இல் தொடங்கிவைத்த வரிசைக் கோட்பாடு இதற்கு ஓர் எளிய சூத்திரம் தருகிறது.

மணிக்கு 30 பேர் வந்தால், வரிசையில் நின்று டிக்கெட்டோடு வெளியே வரச் சராசரியாக 2 நிமிடம் ஆகும். நோட்டு வந்த பிறகு 2 நிமிடம் 13 நொடி. யாருக்கும் தெரியாது. பண்டிகை நாளில் மணிக்கு 54 பேர் வருகிறார்கள். நோட்டு இல்லாதபோது சராசரி 10 நிமிடம். நோட்டு வந்த பிறகு 19 நிமிடம். ஓர் ஆளுக்கு அதே 3 நொடிதான். காத்திருப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. கவுன்டரில் மணிக்கு ஆறு பேருக்கான இடைவெளிதான் மிச்சம் இருந்தது. வரிசை நீளும்போதெல்லாம் அதைக் கரைத்தது அந்த மிச்சம்தான். நோட்டு அதில் பாதியைத் தின்றுவிட்டது. அதனால், அமைதியான மதிய வேளையில் சோதித்துப் பார்த்து மேல்சுமை ஒன்றுமில்லை என்று முடிவு கட்டக் கூடாது. கண்காணிப்பு எப்போது மிகவும் தேவையோ, அந்த நெரிசல் நேரத்தில்தான் அதன் விலையும் உச்சத்தில் இருக்கிறது.

ஒரு சோறும் ஒரு கல்லும்

இதற்கு வழி நம் வீட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது: ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். எல்லாவற்றையும் பார்க்காமல் சிலவற்றை மட்டும் எடுத்துப் பார்ப்பது. சாம்பிளிங்.

அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் குனூத் 1971-இல் ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்தபோது, பொதுவாக ஒரு நிரலின் நான்கு சதவீதத்துக்கும் குறைவான பகுதியே அதன் ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று கண்டார். நேரம் ஓரிடத்தில் குவிந்து கிடப்பதால், அவ்வப்போது எட்டிப் பார்த்தாலே அந்த இடம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். 1982-இல் பெர்க்லியில் உருவான ஜிபுரோஃப் கருவி இப்படித்தான் நேரத்தைக் கணித்தது. கடிகாரம் துடிக்கும்போதெல்லாம் நிரல் எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளும். இன்றும் அனுபவசாலிகள் நொடிக்கு 99 முறை எட்டிப் பார்க்கும்படி கருவியை அமைப்பார்கள். ஏன் நூறு இல்லை? நிரலுக்குள் ஏதாவது ஒன்று நொடிக்கு நூறு முறை தாளம் தப்பாமல் நடந்துகொண்டிருந்தால், நாமும் அதே தாளத்தில் எட்டிப் பார்த்து எப்போதும் அதையே பார்ப்போம், அல்லது எப்போதும் அதைத் தவறவிடுவோம். அந்த ஒன்றைக் குறைத்ததில் தாளம் விலகிவிடுகிறது.

டாப்பரும் சாம்பிளிங்கையே நம்பியது. கூகுளின் தேடல் சேவையில் எல்லாக் கோரிக்கைகளையும் குறித்தபோது தாமதம் 16.3 சதவீதம் கூடியது. பதினாறில் ஒன்றைக் குறித்தபோது அது 2.12 சதவீதமாக இறங்கியது. சோதனையின் பிழை வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும் அளவு. 1024-இல் ஒன்று என்றபோது சுமை இருப்பதே தெரியவில்லை. அந்த விகிதத்திலேயே முதலில் ஓடவிட்டார்கள். கோடிக்கணக்கில் கோரிக்கைகள் வரும் இடத்தில் ஆயிரத்தில் ஒன்றே மலைபோல் குவியும்.

ஆனால் பழமொழிக்கு ஓர் எல்லை உண்டு. சோறு வெந்ததா என்பதை ஒரு பருக்கை சொல்லும். சோற்றில் கல் கிடக்கிறதா என்பதை அது சொல்லாது. எல்லாருக்கும் பொதுவான மந்தத்தைச் சாம்பிளிங் சுலபமாகக் காட்டிவிடும். பத்தாயிரத்தில் ஒருவருக்கு மட்டும் பணம் கழிந்து ரசீது வராமல் போவதை அது பெரும்பாலும் தவறவிடும். அதனால் இன்று பலர் இன்னொரு முறையையும் கையாள்கிறார்கள். பயணம் முடியும்வரை எல்லாக் குறிப்புகளையும் வைத்திருந்து, தவறியதையும் அளவுக்கு மீறித் தாமதமானதையும் மட்டும் பாதுகாத்து, மற்றவற்றை விட்டுவிடுவது. கல் அகப்படும். ஆனால் எல்லாவற்றையும் சிறிது நேரமாவது எழுதிவைக்கும் செலவு திரும்ப வந்துவிடும். எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தே விலை.

சன் நிறுவனத்தின் பிரையன் கான்ட்ரில், மைக் ஷபிரோ, ஆடம் லெவந்தால் மூவரும் 2004-இல் வேறொரு விடையை முன்வைத்தார்கள். அவர்களுடைய டிடிரேஸ், தேவையில்லாதபோது நிரலில் சுவடே இல்லாமல் இருக்கும். கேள்வி எழும்போது, ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலேயே கேட்ட இடத்தில் மட்டும் கண்ணைத் திறக்கும். கேட்காதபோது செலவில்லை. லினக்ஸில் எஃப்டிரேஸ் எட்டப் பார்த்ததும் இந்த நிலையைத்தான்.

அளவுகோலையும் அளக்க வேண்டும்

கண்காணிப்பு வேகத்தை மட்டும் குறைத்தால் பரவாயில்லை. சில நேரம் காட்சியையே மாற்றிவிடுகிறது. இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்தப் பார்ப்பதால் வரும் பிழையைத் தேடி ஒரு வரி அச்சிடச் சொன்னால், அந்த வரிக்கு ஆகும் நேரமே முந்தலின் வரிசையை மாற்றி, பிழை மறைந்துவிடும். வரியை எடுத்தால் பிழை திரும்ப வரும். ஜேசன் கெய்ட் 1986-இல் எழுதிய கட்டுரையில் இதைச் சோதனைகளோடு காட்டினார்.

2010-இல் டாட் மிட்கோவிச் உள்ளிட்ட நால்வர், நேரம் எங்கே போகிறது என்று காட்டும், பரவலாகப் பயன்பட்ட நான்கு ஜாவா புரொஃபைலர்களை ஒரே நிரல்களின் மேல் ஓடவிட்டார்கள். நிரலில் அதிக நேரம் தின்பது எது என்பதில் அவை அடிக்கடி ஒன்றோடொன்று முரண்பட்டன. காரணம், அவை நினைத்த நேரத்தில் எட்டிப் பார்க்காமல், நிரல் நின்று போகக்கூடிய குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே பார்த்தன. பேருந்தை நிறுத்தங்களில் மட்டும் பார்க்கிறவர், அது நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்கிறது என்றுதான் எழுதிவைப்பார். இதே குழு முந்தைய ஆண்டில் காட்டியது இன்னும் வியப்பானது: நிரலில் ஓர் எழுத்தும் மாறாமல், அது ஓடும் சூழலின் மாறிகள் சற்று நீண்டாலே நினைவகத்தில் அது உட்காரும் இடம் நகர்ந்து, வேகம் மாறிவிடுகிறது.

எனவே மென்பொருள் எழுதும் நண்பர்களிடம் என் வேண்டுகோள் இது. கண்காணிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கோடிப் பேருக்குச் சேவை செய்ய முடியாது. அதன் விலையை நீங்களே அளந்து பாருங்கள். விற்பனைத் தாளில் இருக்கும் சதவீதத்தை அப்படியே ஏற்காதீர்கள். கருவியோடு ஒருமுறை, கருவி இல்லாமல் ஒருமுறை, உங்கள் நெரிசல் நேரத்துக்கு நிகரான சுமையில் ஓடவிட்டு, சராசரியை மட்டும் பார்க்காமல் மிகத் தாமதமான நூற்றில் ஒரு பங்கினரையும் பாருங்கள். ஒருமுறை ஓட்டி நம்பாமல் பலமுறை ஓட்டுங்கள். ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் எதிரே, அது எந்தக் கேள்விக்கு விடை என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடியாததை எடுத்துவிடுங்கள்.

லினக்ஸில் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2008 அக்டோபரில் வந்த 2.6.27.1 திருத்தம், ஓடும்போதே தன்னை மாற்றிக்கொள்ளும் எஃப்டிரேஸின் அந்த வசதியை உடனே அணைத்தது. ஆனால் கருவியைத் தூக்கி எறியவில்லை. முகவரிகளை ஓடும்போது குறிப்பதை விட்டு, கெர்னலைத் தொகுக்கும்போதே குறித்துவைக்கும்படி மாற்றி அமைத்தார்கள். இன்று லினக்ஸ் சர்வர்களில் அது பரவலாக இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு கைபேசி என்றால், அதன் வேகத்தைச் சோதிக்கும் பொறியாளர்கள் நம்புவதும் அதே எஃப்டிரேஸைத்தான்.